ஊசியைப் பம்பாக்கும் அமெதே

டூர் சைக்கிள் பந்தயம் எங்கள் மலைக்கு வருகிற வருஷங்களில், பந்தயத்தன்று காலை ஏழு மணிக்கே அமெதே கஸ்தெத் கறுப்புப் பெயின்ட் வாளியோடு கணவாய்ச் சாலையில் நிற்பார். மாவட்டச் சாலைத் துறையில் முப்பத்தொரு வருஷ வேலை. குளிர்காலத்தில் பனி தள்ளுவார், பனி உருகினதும் சரிந்து விழுந்த பாறைகளை அப்புறப்படுத்துவார், ஜூலையில் ஜனங்கள் சாலையில் எழுதிவைத்த கண்றாவியை எல்லாம் அழிப்பார். மேலே ஹெலிகாப்டர் சுற்றும், உலகம் பூராவும் டிவியில் பார்க்கும் அல்லவா? அம்மணப் படம் தெரியக் கூடாது. மந்திரியைத் திட்டினது தெரியக் கூடாது. முக்கியமாக, ஊசி தெரியவே கூடாது.

ஊசி என்றால் வீரர்கள் திருட்டுத்தனமாக ஊக்கமருந்து ஏற்றிக்கொள்கிற ஊசிதான். மஞ்சள் சட்டை போட்டு முன்னால் போகிறவன் பேரை எழுதி, பக்கத்தில் ஆள் நீளத்துக்கு ஓர் ஊசியை வரைந்துவிட்டுப் போவார்கள். அவன் பேர் இங்கே எதற்கு? பேர் மூன்று நாலு வருஷத்துக்கு ஒரு தரம் மாறும், ஊசி அப்படியேதான் இருக்கும். ஒருத்தன் மற்ற எல்லாரையும் ஐந்து நிமிஷம் பின்னால் தள்ளிவிட்டு, மூச்சு வாங்காமல் எங்கள் மலையில் ஏறினான் என்றால், ஊர்க் காப்பிக்கடையில் முதலில் கைதட்டுவோம். அப்புறம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்வோம். அவன் யோக்கியனாகவே இருக்கலாம். பாவம், அதை நம்புகிற சக்தி எங்களுக்குப் போய்விட்டது. எங்களை இப்படி ஆக்கினவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஊசியை அழிப்பதில் அமெதே கைகாரர். முழுக்கக் கறுப்படித்தால் பெயின்ட் வீண், காயவும் நேரமாகும். அவர் முனையை மட்டும் கறுப்பால் மறைப்பார். வெள்ளையைத் தொட்டு அடியில் ஒரு மிதிகட்டை, பக்கவாட்டில் ஒரு ரப்பர் குழாய் என்று நாலே இழுப்பு. ஊசி போய், சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பு வந்துவிடும். "உன்கிட்ட விட்டா மாதா கோயில் கோபுரத்தையே பம்பாக்கிடுவே, அமெதே" என்பார் மேஸ்திரி குர்தாத். மற்றவர்கள் சிரிப்பார்கள். அமெதே சிரித்து நான் பார்த்ததில்லை.

அவருக்கு ஒரு தம்பி இருந்தான், ரெமி. எங்கள் ஊரிலிருந்து டூர் ஓட்டின ஒரே ஆள். ஜெயிக்கிற வேலை அவனுக்கு இல்லை. அந்தக் காலத்து மஞ்சள் சட்டைக்காரனின் குழுவில், தலைவனுக்குத் தண்ணீர் புட்டி சுமப்பான், முன்னால் போய் அவனுக்காகக் காற்றைக் கிழிப்பான், மலை பாதி ஏறினதும் ஒதுங்கிக்கொள்வான். அதுவே எங்களுக்குப் பெரிய பெருமை. 2003 ஜூன் மாதம், டூருக்கு முன்னால் நாலு நாள் ஓய்வுக்கு வீட்டுக்கு வந்தவன், ஒரு காலை எழுந்திருக்கவில்லை. இருபத்தெட்டு வயசு. மனைவி நொயெலிக்கு ஆறு மாதம். அறுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. இதயம் கொஞ்சம் பெரிசு, பரம்பரைக் கோளாறாக இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மலைச் சாலையின் நாலாவது வளைவில் அவனுக்கு ஒரு கல் நட்டோம். வருஷா வருஷம் அங்கே கூடுவோம். நொயெலி பேசுவாள். எப்போதும் ஒரே கதைதான். "ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் அடிக்கும். எழுந்து போய், வீட்டுக்குள்ள நின்ன இடத்துலயே சுத்துற ரோலர் மேல சைக்கிளை ஏத்தி அரைமணி மிதிப்பாரு. ஏங்க, தூங்கக் கூடாதான்னு கேட்டா, பயிற்சிம்பாரு. அப்படி உழைச்ச மனுஷன்." அவள் இதைச் சொல்லும்போதெல்லாம் அமெதே தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

செப்டம்பரில் மைலிஸ் பிறந்தாள். அப்பன் இதயம் பிள்ளைக்கும் வந்திருக்குமோ என்று ஊரே பதறியது. அவள் நடக்கத் தொடங்கின நாளிலிருந்து, "மெதுவா, மைலிஸ்!" ரொட்டிக்கடைக்காரி சொல்வாள், பாதிரியார் சொல்வார், நானும் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் பந்தடிக்கும்போது அவள் பெஞ்சில் உட்கார்ந்து அவர்களுடைய கோட்டுகளைக் காவல் காப்பாள். சைக்கிள் ஓட்டிப் பேரெடுத்தவன் மகளுக்கு சைக்கிள் ஏறத் தெரியாது. வருஷம் ஒரு தடவை துலூஸ் பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனை. ஒவ்வொரு தடவையும் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் அப்பா விஷயம் இருக்கிறதே, எதற்கும் ஜாக்கிரதை என்பார்கள். இந்த மே மாதம் பாலாடைக்கட்டிக் கடை வரிசையில் வெயிலில் நின்றவள் மயங்கி விழுந்தாள். டாக்டர்கள் இனிப் பொறுப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். நெஞ்சைக் கீறி, இதயம் நின்றால் மின்சாரம் அடித்து எழுப்புகிற டப்பி ஒன்றை உள்ளே வைக்கப் போகிறார்கள். பந்தயம் வெள்ளிக்கிழமை. கீறுவது அடுத்த செவ்வாய்க்கிழமை.

அமெதேவுக்குச் சாப்பாடு இறங்காமல் போனது அதைக் கேட்ட நாளிலிருந்துதான்.

ஏனென்றால், அந்த 2003 காலையில் நொயெலி போட்ட அலறலில் பக்கத்து வீட்டிலிருந்து முதலில் ஓடி வந்தவர் அவர்தான். அவள் ரெமியைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். இவர் அடுக்களைக்குப் போய்க் குளிர்பெட்டியைத் திறந்தார். வெண்ணெய்க்குப் பின்னால், கழுவின கடுகு ஜாடியில், நாலு கண்ணாடிக் குப்பிகள். என்னவென்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குளிர்காலத்தில் ரெமியே உளறியிருந்தான். "குழு டாக்டர் தர்றாருண்ணே. ரத்தம் கூழாயிடுது. தூக்கத்துல இதயம் நின்னுடக் கூடாதுன்னுதான் ராத்திரி எழுந்து மிதிக்கிறோம். எல்லாரும்தான்." போலீஸ் வருவதற்குள் அமெதே நாலு குப்பியையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்ப் பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்தார்.

தம்பி பேர் கெடக் கூடாது, அவ்வளவுதான் நினைத்தார். அம்மா கண் மூடட்டும், அப்புறம் சொல்லலாம் என்றார். அம்மா போய்ச் சேர்ந்து பதினாலு வருஷம் ஆகிறது. அதற்குள் கல் நட்டாகிவிட்டது. நிஜமாகவே பரம்பரைக் கோளாறாகவும் இருக்கலாமே, நான் என்ன டாக்டரா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மனசு எதைத்தான் சொல்லாது, நாம் கேட்கத் தயாராக இருந்தால்?

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் ஏறி வந்தார். வழியில் இரண்டு ஊசிகளைப் பம்பாக்கிவிட்டு நாலாவது வளைவுக்கு வந்தால், சாலை முழு அகலத்துக்கும் வெள்ளை எழுத்து. ஊசி இல்லை, படம் இல்லை.

டாக்டர், எங்கப்பா எதால செத்தார்?

பக்கத்தில் மைலிஸ் நின்றுகொண்டிருந்தாள். பாதணி, முழங்கால், கையெல்லாம் வெள்ளைப் பெயின்ட். நாற்பதடி கீழே, கல்லுக்குப் பக்கத்தில் நொயெலி மடக்கு நாற்காலி போட்டு, பூக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரு எழுதினது?" என்றார் அமெதே, அவள் கைப் பெயின்ட்டைப் பார்த்துக்கொண்டே.

"நான்தான் பெரியப்பா. அப்பா குழுவுல இருந்த டாக்டர் இப்ப மஞ்சள் சட்டைக்காரன் குழுவுல பெரிய ஆளாம். பின்னாடி கார்ல வருவாராம். மூணு கடிதம் போட்டேன், ஒரு வரி பதில் இல்ல. சாலையையாவது பார்த்துத்தானே வரணும்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். திட்டிக்கிட்டேதான் டப்பாவைப் பிடிச்சுக்கிட்டாங்க."

அவர் வாளியைக் கீழே வைத்தார். மருந்து சம்பந்தமாக எது இருந்தாலும் அழி என்பது மேலிடத்து உத்தரவு. பழக்கப்பட்ட கை. பிரஷை முக்கி முதல் வார்த்தையை இழுத்துவிட்டார். 'டாக்டர்' போய்விட்டது. அடுத்ததுக்கு நகர்ந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார். மீதி எழுத்து இப்போது காரில் வருகிற யாரையும் கேட்கவில்லை. அங்கே நிற்கிறவரைக் கேட்டது.

"அழிங்க பெரியப்பா, உங்க வேலை அது. கோவிச்சுக்க மாட்டேன்" என்றாள் மைலிஸ். "செவ்வாக்கிழமை கீறப் போறாங்க. எதுக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுப் படுக்கலாம்னு பார்த்தேன். வேறொண்ணுமில்ல."

அமெதே பிரஷை வாளியில் போட்டார். நிமிர்ந்தார்.

"கோளாறு இல்லம்மா. மருந்து. உங்கப்பா மருந்து போட்டுக்கிட்டான். நான் பார்த்தேன்."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். நாலு குப்பி, கடுகு ஜாடி, ராத்திரி அலாரம், பாலம். சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இருபத்திரண்டு வருஷம் சுமந்தது இவ்வளவுதான்.

"போன ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுப் படிக்கட்டுல ஏறுனேன்" என்றாள் மைலிஸ் கடைசியில். "மெதுவா, மைலிஸ்னு நீங்க சொன்னீங்க."

"சொன்னேன்."

"தெரிஞ்சுக்கிட்டே சொன்னீங்க."

"ஆமா."

அடித்திருந்தால் அவர் வாங்கிக்கொண்டிருப்பார். அவள் அடிக்கவில்லை. பெயின்ட் கையைப் பாவாடையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"துலூஸுக்கு வந்து அந்த டாக்டருங்க முன்னாடி இதையே சொல்வீங்களா?"

"வரேன். நாளைக்கே வேணாலும் வரேன்."

"அவங்க அப்பவும் டப்பி வைக்கணும்னு சொல்லலாம். சொல்லட்டும். தெரிஞ்சு முடிவெடுக்கிறது வேற." அவள் கல்லைக் காட்டினாள். "அதுக்கு முன்னாடி அம்மாகிட்ட சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

பனிச்சரிவுக்குக்கூடப் பயப்படாத மனுஷர் அந்த நாற்பதடியை நடக்கப் பட்ட பாடு! நொயெலியும் அவரும் ஒரே அறைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், நீ, வா, போ என்றுதான் பேச்சு. அவர் தொப்பியைக் கழற்றினதும் அவள் பூவை விட்டுவிட்டு எழுந்தாள்.

"நொயெலி, அன்னிக்கு நீ அவன் பக்கத்துல கிடந்தப்ப, நான் உன் குளிர்பெட்டியைத் திறந்தேன்."

அவள் கடைசி வரை கேட்டாள். அழவில்லை. பிறகு ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

"ரோலர்?"

"ம். அதுக்குத்தான்."

"வருஷா வருஷம் இந்தக் கல்லு முன்னாடி நின்னு அதைத்தானே பெருமையாச் சொன்னேன். நீ பக்கத்துலயே நின்னியே, அமெதே."

"நின்னேன்."

"ஊர் முன்னாடி அவர் பேரைக் காப்பாத்தினே. சரி, காப்பாத்து. என் காதுல மட்டும் சொல்லியிருக்கலாமே." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "இவளை ஓட விட்டிருப்பேனே."

அமெதே அங்கேயே, புல்லில் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ திட்டுகளுக்குத் தயாராக வந்தவருக்கு இது வரும் என்று தோன்றியிருக்கவில்லை. தம்பி பேரை நினைத்தார், அம்மாவை நினைத்தார், கல்லை நினைத்தார். பெஞ்சில் கோட்டுகளோடு உட்கார்ந்திருந்த குழந்தையை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை.

பதினொரு மணிக்கு மேஸ்திரி குர்தாத்தின் கார் வந்து நின்றது. "என்னய்யா இது, பாதில விட்டுட்டே? இன்னும் ஒரு மணி நேரத்துல பந்தயத்துக்கு முன்னாடி வர்ற விளம்பர வண்டியெல்லாம் வந்துடும்!"

"இதை அழிக்க மாட்டேன்" என்றார் அமெதே.

"வேலை போகும்."

"போகட்டும்."

குர்தாத் சாலையில் இருந்ததை வாசித்தார். மைலிஸின் கையைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். அவரும் ரெமியின் சவப்பெட்டியைத் தூக்கினவர்தான். "நான் இந்த வளைவுக்கு வரவே இல்ல" என்று சொல்லிவிட்டுக் கார்க் கதவைச் சாத்திக்கொண்டு மேலே போனார்.

மூன்றரை மணிக்குப் பந்தயம் வந்தது. மஞ்சள் சட்டைக்காரன் தனியாக, இரண்டு நிமிஷம் முன்னால், மூச்சு வாங்காமல் வாயை மூடிக்கொண்டு வந்தான். இருபத்துநாலு வயசிருக்கும், இன்னும் சரியாகத் தாடிகூட முளைக்கவில்லை. அவன் சக்கரம் அந்த எழுத்தின் மேல் ஏறிப் போனது. அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் வரவில்லை; இவனுக்கும் ராத்திரி அலாரம் அடிக்குமோ என்ற பயம்தான் வந்தது. பின்னாலேயே அவன் குழுவின் கார் வந்தது. கண்ணாடி ஏற்றியிருந்தது. உள்ளே இருந்தவர் பார்த்தாரா இல்லையா என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

கூட்டம் கலைந்ததும் மூன்று பேரும் ஊருக்கு இறங்கினார்கள். நொயெலி, அமெதே கையிலிருந்த மடக்கு நாற்காலியைக்கூடப் பிடுங்கித் தானே தூக்கிக்கொண்டாள். மைலிஸ் முன்னால் போனாள். முதலில் நடந்தாள். பிறகு எட்டிப்போட்டு நடந்தாள். இறக்கம் அவளை இழுக்க, பழக்கமில்லாத கால்களோடு, கைகளை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல், ஓடத் தொடங்கினாள்.

பழக்கதோஷம், அமெதேவின் வாய் திறந்துவிட்டது. பக்கத்தில் நொயெலியின் வாயும் திறந்திருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வார்த்தையை இரண்டு பேருமே சொல்லவில்லை.