கருப்பாத்தாளின் கற்பூரவல்லி பஜ்ஜி

சோமனூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பஜ்ஜிக் கடை வைத்திருந்த கருப்பாத்தாள், அதற்கு முன் பதினைந்து வருஷம் விசைத்தறியில் நின்றவள். பஞ்சுத் தூசியில் இருமல் விடாமல் பிடித்துக்கொள்ளவே, தறியை விட்டுவிட்டு வாணலியைப் பிடித்தாள். டாக்டர் கொடுத்த மாத்திரையோடு, வீட்டுக்குப் பின்னால் பொடக்காளி ஓரம் மண்டிக் கிடந்த கற்பூரவல்லிச் செடியில் நாலு இலை பறித்து, அனலில் வாட்டி, சாறு பிழிந்து, தேனில் குழைத்துச் சாப்பிடுவாள். ரசத்திலும் துவையலிலும்கூட அந்த இலைதான்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஐப்பசியில் வெங்காய விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. அவள் கடைக்குப் பேரே வெங்காய பஜ்ஜியால்தான். ஒரு நாள் முழுக்க யோசித்தாள். மறுநாள் ஒரு கூடை கற்பூரவல்லி இலையோடு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

"ஏனுங்கக்கா, தழையத் திங்க நாங்க என்ன வெள்ளாடுங்களா?" தறி ஓட்டும் அழகிரிசாமி கேட்டதும் கடையே சிரித்தது.

"ஒண்ணைக் கடிச்சுப்போட்டுப் பேசுங்க, தம்பி."

கடித்தான். மேலே மொறுமொறுப்பு, உள்ளே தடித்த இலையின் காரமும் மணமும் மூக்குவரை ஏறின. அவன் தட்டை மறுபடி நீட்டினான்.

பீளமேட்டில் ஒரு கல்லூரியில் மனையியல் பாடம் நடத்தும் சண்முகப்பிரியா, பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த பஜ்ஜியைத் தின்று பார்த்தார். "எங்க புள்ளைங்களுக்கு வந்து செஞ்சு காட்டோணுமுங்க."

"நான் அஞ்சாவதுதானுங்க படிச்சிருக்கேன், அம்மணி."

"இந்த பஜ்ஜியில நாங்க ஒண்ணாவதுகூடப் படிக்கலீங்களே!"

நோம்பிப் பண்டிகைக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு கருப்பாத்தாள் கல்லூரிக்குப் போனாள். வகுப்பில் அறுபது பெண்கள். எண்ணெயைக் காயவைத்துவிட்டு இலைகளைக் கையில் எடுத்தாள். இலையில் ஈரம் இருந்தால் மாவு ஒட்டாது, வழுக்கிவிடும் என்று துடைத்துக் காட்டினாள்.

அப்போது ஒரு பெண் எழுந்து, "இதைத் தின்னா மூச்சு வாங்கற எளைப்பு நோய் குணமாயிருமுங்களா?" என்று கேட்டாள்.

அறுபது பேனாக்களும் காத்திருந்தன. ஆமாம் என்று சொல்லியிருந்தால் மறுக்க அங்கே யாருமில்லை.

"இல்லீங்க, கண்ணு. அப்படிச் சொன்னாப் பொய்யாப் போயிரும். சளி புடிச்சா நெஞ்சு கொஞ்சம் லேசாகும், அவ்வளவுதான். எளைப்புன்னா டாக்டர்கிட்டத்தான் போகோணும். நானே இன்னும் மாத்திரை போட்டுக்கறேனுங்க."

"எல்லாரும் இதையும் எழுதிக்கங்க," என்றார் சண்முகப்பிரியா. அறுபது தலைகள் ஒன்றாகக் குனிந்தன. தான் சொன்ன சொல்லை இத்தனை பேர் நோட்டில் எழுதுவதைப் பார்த்தபடி கருப்பாத்தாள் நிமிர்ந்து நின்றாள்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். "கடை லீவுங்களா? எங்கீங்க போயிட்டு வாரீங்க?"

"காலேஜுக்குங்க," என்றாள், பின்சீட்டுக்கும் கேட்கும்படி. "பாடம் நடத்தப் போயிருந்தேன்."