குங்குமம் வைத்த சுத்தியல்

எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் வெங்கடராகவன் ஓய்வு பெறுகிறார். பாராட்டு மலருக்கு அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடு என்கிறார்கள். நாலு என்ன, ஒன்று தேறினாலே பெரிது.

செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவே, பொட்டல் காட்டில் இருக்கிறது எங்கள் கூடம். திரவ வெடிமருந்து எவ்வளவு அடி தாங்கும், எதற்கு வெடிக்கும் என்று பார்ப்பதுதான் வேலை. தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு எந்திரச் சுத்தியல் மேலிருந்து விழும். கீழே ஒரு சொட்டு திரவம் இருக்கும். உள்ளே தூசி வரக்கூடாது என்று மனிதர் போடும் ஆட்டம் இருக்கிறதே, அப்பப்பா! செருப்பில் மணல் ஒட்டியிருந்ததற்காக என்னை வாசலிலேயே நிறுத்திய மகானுபாவர். மாமல்லபுரம் ரிசார்ட்டில் சுத்தத்தைப் பற்றிப் பேசிப் பொன்னாடை வாங்கியவர்.

அப்படிப்பட்டவர் ஆயுத பூஜைக்கு என்ன செய்தார்? சுத்தியலின் அடிமுகத்திலேயே சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார்.

மறுநாள் விஜயதசமி. காயத்ரியின் திரவத்துக்குச் சோதனை. ஆராய்ச்சிக்குப் பணம் போடும் கம்பெனிக்காரர்கள் பார்க்க வந்திருந்தார்கள். லாரியில் குலுங்கினாலும் வெடிக்காத குவாரி மருந்து செய்யவேண்டும் என்று வருஷக்கணக்காக உயிரைக் கொடுத்த ஆராய்ச்சியாளர் அவள். அவள் அண்ணன் ஓட்டுவது அந்த மாதிரி லாரிதான். அன்று தேறாவிட்டால் ஆராய்ச்சியை மூட்டை கட்டவேண்டியதுதான்.

"சார், சுத்தியலத் தொடச்சிடறேன்" என்றாள்.

"நல்ல நாளும் அதுவுமா குங்குமத்த அழிக்கறதா? தொடாதேம்மா!"

சுத்தியல் விழுந்தது. டப்! திரவம் வெடித்தது. உயரத்தைக் குறைத்தார்கள். மறுபடியும் டப்!

"படு அபாயம். இத மறந்துடு" என்று கம்பெனிக்காரர்கள் முன்னாலேயே தலைவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

காயத்ரி உள்ளே போய்ச் சுத்தியலைப் பளிச்சென்று துடைத்துவிட்டு வந்தாள். "இப்பப் போடுங்க சார்."

அதே உயரம். சத்தமில்லை. உயர்த்தினார்கள். இன்னும் உயர்த்தினார்கள். ஊஹூம். குங்குமத்திலிருந்த நறநறப்புதான் திரவத்தைச் சீண்டிவிட்டிருக்கிறது. கம்பெனிக்காரர் ஒருவர் எழுந்துவந்து காயத்ரியின் கையைக் குலுக்கினார்.

மகானுபாவர் சும்மா இருப்பாரா? வெட்கமே இல்லாமல் இளித்துக்கொண்டு நடுவில் வந்து நின்றார். "பூஜை போட்டு ஆரம்பிச்சு வச்சது நானாக்கும்!"

கோபம் வந்தால் காயத்ரிக்கு ஊர்ப்பேச்சுதான் வரும்.

"அடுத்த வருசம் பொட்ட உங்க நெத்தியிலேயே வச்சிக்கோங்க சார். அங்க எவ்ளோ அடிச்சாலும் வெடிக்காது. உள்ள எதுனா கீதா இன்னா?"