நவாபுக்கு மருந்து வைத்த வெல்லம்

ஆரப்பாளையத்தில் நான் கால்நடை கிளினிக் நடத்தியபோது, ஹார்மோன் கோளாறுள்ள நாய்களைக் கொண்டு வருபவர்களில் பாதிப் பேர் சட்டைப்பையில் ஹோமியோபதி குப்பியோடுதான் வருவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. "குடுக்கிறதுன்னா குடுங்க, என் மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க" என்பேன். சீனி உருண்டை என்ன செய்துவிடும் என்ற எண்ணம்.

காதர் பாயின் கல்யாண ஊர்வலக் குதிரை நவாப். கிழக் குதிரை. சித்திரை வெயிலிலும் முடி உதிராமல் கரடி மாதிரி நின்றது. பரிசோதித்ததில் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கோளாறு. இந்த நோயில் உடம்பில் சர்க்கரை ஏறினால் குளம்பு வெந்து போகும். மாத்திரை எழுதிக் கொடுத்து, இனிப்பு அறவே கூடாது என்றேன்.

ஒருநாள் பாய் போன் செய்தார். "டாக்டர், நவாப் காலையே ஊன்ற மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். முன்கால்களை நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னால் போட்டு நடுங்கிக்கொண்டிருந்தது. குளம்பைத் தொட்டால் சுட்டது. மாத்திரையும் தவறவில்லை என்கிறார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இந்த நிலைமை முற்றினால் ஊசி போட்டு வலியில்லாமல் உயிரைப் போக்குவதுதான் வழி.

டீ வந்தது. "எனக்குச் சீனி போடாதது" என்று பாய் வாங்கிக் கீழே வைத்துவிட்டு, எலுமிச்சை அளவு வெல்லத்தை எடுத்து உருட்டினார். நடுவில் நாலு வெள்ளை உருண்டைகளை அமுக்கினார்.

"பாய், என்ன அது?"

"ஹோமியோபதி மருந்து. சும்மா வச்சா துப்பிருது. நாலு வேளையும் இப்படித்தான்."

"இனிப்பே ஆகாதுன்னு சொன்னேனே."

"இனிப்பு எங்க குடுத்தேன்? இது மருந்துக்கு வைக்கிறதுதான."

"உங்களுக்கு எதுக்குப் பாய் சீனி இல்லாத டீ?"

"எனக்குத்தான் சுகர் இருக்குல்ல..." என்றவர் நிறுத்தினார். உருண்டையைப் பார்த்தார். "என் கையாலயா டாக்டர்?"

உருண்டையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்; அன்றோடு வெல்லம் நின்றது. இத்தனை வருடத் தொழிலில் அப்படி அதிர்ந்ததில்லை.

நவாப் பிழைத்துக்கொண்டது. ஆனால் மாப்பிள்ளை எவரையும் அது பிறகு சுமக்கவில்லை.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். என்ன மருந்து கொடுக்கிறார்கள் என்று கேட்பதோடு நிற்காதீர்கள். எதில் வைத்துக் கொடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

இன்றும் பாயைக் கண்டால் நவாப் நொண்டிக்கொண்டே வந்து அவர் உள்ளங்கையை முகர்கிறது. பாய் கையை மூடிக்கொள்கிறார்.