அப்பா தூங்கும் அட்டை

கல்யாணமாகி மதுரைப் பக்கத்திலிருந்து நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்து, டவுன்ஷிப் பள்ளியொன்றில் நான்காம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கத் தொடங்கியிருந்தேன். ஒரு பிள்ளை காதால் படிக்கும், ஒன்று கையால் படிக்கும், ஒன்று நடித்துக் காட்டினால்தான் படிக்கும் என்று பயிற்சியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எது எந்தப் பிள்ளை என்பதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை. பாட்டுப் பாடினால் ஒருவன் தூங்கினான். நடிக்கச் சொன்னால் ஒருத்தி அழுதாள்.

கம்மாபுரம் பக்கத்திலிருந்து வரும் ஒரு சிறுமி ஆங்கிலத்தில் வாயே திறக்கவில்லை. அவளைத் தமிழ் மீடியத்துக்கு மாற்றிவிடலாம் என்றார் தலைமை ஆசிரியை. "மாத்திடாதீங்க டீச்சர், வூட்ல நல்லாதான் படிச்சிகினு இருக்கா" என்று அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். வகுப்பில் ஒரு முறை உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகத் தலைமை ஆசிரியை ஒப்புக்கொண்டார்.

பேசாவிட்டாலும் அவளுக்குக் கை ஓடும் என்று நம்பிப் பட அட்டைகள் செய்தேன். அப்பா வேலைக்குப் போகிறார், வீட்டுக்கு வருகிறார், தூங்குகிறார், நான் பள்ளிக்குப் போகிறேன். காலையிலிருந்து இரவுவரை ஒரு நாளை அடுக்கி, ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அவள் அடுக்கினாள், கலைத்தாள். வேறு மாதிரி அடுக்கினாள், அதையும் கலைத்தாள். சுற்றிப் பார்த்தால் மற்ற பிள்ளைகளும் ஆளுக்கொரு வரிசை வைத்திருந்தார்கள். முதல் மார்க் வாங்குகிறவன் அப்பாவைக் காலையிலேயே தூங்க வைத்திருந்தான். நான் இத்தனை நாள் என்ன பாடம் எடுத்தேன்? கடைசி பெஞ்சில் தலைமை ஆசிரியை வேறு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா மாத்திக்கிட்டே இருக்க?" என்றேன்.

அவள் என்னைவிடக் குழம்பிப்போய் நிமிர்ந்தாள். "விச் வீக், மிஸ்?"

அவள் அப்பாவுக்குச் சுரங்கத்தில் வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். நைட் ஷிஃப்ட் வாரத்தில், இவள் பள்ளிக்குக் கிளம்பும்போதுதான் அவர் வந்து படுப்பார். வகுப்பில் பாதிப் பேர் வீட்டிலும் இதே கதைதான். என் கணவருக்கு எப்போதும் காலையில் போய் மாலையில் திரும்பும் ஜெனரல் ஷிஃப்ட். எங்கள் வீட்டில் எல்லா நாளும் ஒரே மாதிரி விடிந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

தலைமை ஆசிரியை எழுந்தார். "இவ இங்கயே இருக்கட்டும்" என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, "ஆமா, இதுல சரியான வரிசை எதுங்க டீச்சர்?" என்றார்.

நான் பெஞ்சில் கிடந்த அட்டைகளைக் குனிந்து பார்த்தேன். சிறுமியோ அப்பா தூங்கும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்தில் அவள் கேட்ட முதல் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லியிருக்கவில்லை.