துணைக்கு வந்தவள்

அவள் நகரப் பேருந்தில் நடத்துநர். வயது முப்பத்துமூன்று. குரலுக்குப் பேர்போனவள். "உள்ள போங்க" என்று அவள் ஒரு சத்தம் போட்டால் படிக்கட்டில் தொங்குகிறவன் ஓட்டுநர் மடியில் போய் உட்காருவான் என்று பணிமனையில் கேலி பேசுவார்கள்.

இடது மார்பின் ஓரத்தில் கட்டி தட்டுப்பட்டபோது, தோள்பையின் வார் அழுத்தியதென்று நினைத்தாள். தெருமுனை டாக்டரும், "இந்த வயசுல ஒண்ணும் இருக்காதும்மா" என்றார். கட்டி கரையவில்லை. கணவனின் நச்சரிப்பு தாங்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். சதையெடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய், ஆரம்ப நிலை.

என்ன சிகிச்சை என்று சொல்லும் நாளில், காத்திருந்தவர்களில் பெரும்பாலும் நரைத்த தலைகள். பக்கத்து நாற்காலியில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாள், ஓய்வுபெற்ற தட்டச்சர்.

"அம்மாவக் கூட்டிட்டு வந்தியாம்மா?"

"ஆமாம்மா. உள்ள இருக்காங்க."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. வீட்டில் பேரனுக்குச் சோறூட்டிக்கொண்டிருந்த தாய்க்கு நோயைத் தாரைவார்த்துவிட்டாள். அடுத்த நொடி நர்ஸ் கூப்பிட்டது அவளைத்தான். எழுந்தபோது காதுமடல் சுட்டது. தட்டச்சர் அம்மாள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"சின்ன வயசுல வர்றது நிறைய பேருக்கு வேகமா வளரும். உங்களோடதும் அப்படித்தான்" என்றார் டாக்டர். "ஆபரேஷனோட கீமோவும் வேணும். ஆனா சீக்கிரமா வந்துட்டீங்க. குணமாக நல்ல வாய்ப்பு இருக்கு."

மருந்துக்காகக் கூடத்தில் வரிசையில் நின்றவளிடம் சற்று நேரத்தில் அந்த அம்மாள் வந்தார். "எனக்குச் சின்ன ஆபரேஷனும் தினம் ஒரு மாத்திரையும் போதுமாம்."

அவளுக்குப் பொறுக்கவில்லை. "உங்களுக்கென்ன, வாழ்ந்து முடிச்சாச்சு! உங்களுக்கு மாத்திரை, எனக்கு விஷமா?"

பேருந்துக் குரல். கூடமே திரும்பிப் பார்த்தது.

"என் பையனும் இதத்தான் சொன்னான்" என்றார் அம்மாள் மெதுவாக. "இந்த வயசுல ஆபரேஷன் எதுக்கு, அப்படியே விட்டுடலாம்னு. உடம்பு தாங்கும்னு டாக்டர் சொல்லியும் கேக்கல. சண்டை போட்டுட்டுத் தனியா வந்தேன். எனக்கும் இருக்கணும்னு ஆசையா இருக்கும்மா."

அவள் மருந்தை வாங்காமலே வெளியேறினாள்.

வீட்டில் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். "என் தலையில கட்டினா உன்ன விட்டுப் போயிடும்னா, இன்னும் நாலு பேர்கிட்ட சொல்லு" என்றாள் தாய். அது இன்னும் வலித்தது.

கீமோவுக்குப் போகும் நாட்களில், மாத்திரை வாங்க வரும் அந்த அம்மாளைக் கண்டால் தூணுக்குப் பின்னால் ஒதுங்குவாள். தலைமுடி போனதைவிட அந்த முகத்தைப் பார்ப்பதுதான் கூச்சமாக இருந்தது.

சிகிச்சை முடிந்து, வேலைக்குத் திரும்புமுன் பரிசோதனைக்கு வந்த அன்று அந்த அம்மாள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்; ஒளிய இடமில்லை. நேரே போய் நின்றாள்.

"அன்னைக்கு நான்..." குரல் எழும்பவில்லை.

அந்த அம்மாள் பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் உட்கார்ந்தாள். தலையை மட்டும் நிமிர்த்தவில்லை.