குவியல்மேல் ஏறிய இயந்திரம்

உரக்காரம்மா என்று கேட்டால்தான் சந்தையில் அவளைத் தெரியும். தொழுவத்துக்குப் பின்னால் சாணமும் வைக்கோலும் சருகுமாக நீள நீளமான குவியல்கள். உள்ளே சூடு ஏறியதும் அவற்றைப் புரட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூச்சு முட்டி நாறிப்போகும். இத்தனை வருஷமாக அந்த வேலையைச் செய்தவர் அவள் கணவர். போன மழைக்காலத்தில் புரட்டிக்கொண்டிருந்தபோதே இடுப்பு பிடித்துக் குவியல்மேலேயே சாய்ந்தார். அதன்பிறகு குவியலைப் புரட்டும் இரும்புக் கவையை அவள் கையில் எடுத்தாள். இப்போது அவளுடைய மணிக்கட்டும் வீங்கிவிட்டது.

அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். பண்ணையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய்விடுவது.

“என்னால உனக்கு உதவவும் முடியல, நீ சாகறதப் பாக்கவும் முடியல,” என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு.

“குவியலப் புரட்டறதுக்கு ஒரு மெஷின் செஞ்சு பாத்துடறேன். ஓடலைன்னா நீங்க சொன்னபடியே மூட்டை கட்டறேன்,” என்றாள்.

சொன்ன கையோடு வேலையில் இறங்கினாள். உடைத்துப் போட்ட வேனின் பின் அச்சு ஒன்றை வாங்கி வந்தாள். வெல்டிங் பட்டறை வைத்திருந்த கொழுந்தன் அதில் தடித்த குழாயை உருளையாகப் பொருத்தி, சுற்றிலும் இரும்புத் தகடுகளைப் பற்றவைத்தான். டிராக்டர் இழுக்கும், அதன் விசையிலேயே உருளை சுழலும்.

“அண்ணி, எருமைக்குப் பல்லு கட்டின மாதிரி இருக்கு.”

“கடிச்சாப் போதும் தம்பி, அழகு எதுக்கு?”

முதல் ஓட்டத்துக்குக் கொழுந்தன் டிராக்டரில் ஏறினான். உருளை குவியலைத் தொட்டதுதான் தாமதம், கிளறுவதற்குப் பதிலாக இயந்திரமே குவியல்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. உரம் பாய் விரித்ததுபோல் நசுங்கிக் கிடந்தது.

வாசலில் தடியூன்றி நின்ற கணவர் திரும்பி நடந்தார். உள்ளே போய், நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டிருந்தவருக்குப் போன் செய்தார். “நாளைக்கு வந்து நிலத்தைப் பாருங்க” என்ற குரல் ஜன்னல் வழியாக வந்து அவள் நெஞ்சில் இறங்கியது.

கண்ணீர் முட்டியது. துடைத்துக்கொண்டு கவையை எடுத்தாள். நசுங்கியதை அப்படியே விட்டால் கெட்டுவிடும். வீங்கிய கையோடு அடியில் செருகி, தூக்கி, பின்னால் கொட்டினாள். மறுபடி செருகினாள். சட்டென்று நின்றாள்.

“தம்பி, நான் கீழேருந்து தூக்கறேன். உங்க உருளை மேலேருந்து அமுக்குது.”

“சக்கரம் சுத்தற பக்கமே சுத்தட்டும்னு வெச்சேன் அண்ணி. அதான முறை?”

“வண்டிக்கு அது முறை. இங்க இன்னொரு சக்கரம் மாதிரி உருண்டு மேல ஏறிடுது. எதிர்ப்பக்கம் சுத்தணும்.”

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். “அச்சைத் தலைகீழாப் புரட்டிப் போட்டா எதிர்ப்பக்கம் சுத்தும். ஆனா எல்லாத்தையும் கழட்டணும். கவுத்ததும் எண்ணெய் ஒழுகாம அச்சுல இருக்கற ஓட்டையை அடைக்கணும். அண்ணன்தான் போனே பண்ணிட்டாரே...”

“ஓடலைன்னா போறேன்னுதான் சொன்னேன். ஓடுச்சே, தப்பான பக்கமா ஓடுச்சு. ஸ்பேனரை எடுங்க.”

மறுநாள் குத்தகைக்காரர் வேலியோரமாக நடந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, டிராக்டரில் அவளே ஏறினாள். கொழுந்தன் ஒதுங்கி நின்றான். உருளை குவியலுக்குள் புகுந்தது. இந்தத் தடவை ஏறவில்லை. அடியிலிருந்து வாரி எடுத்து, உதறி, பின்னால் தள்ளியது. வெள்ளை ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. கடைசிவரை ஓட்டி நிறுத்திவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள்.

கணவர் தடியூன்றி வந்து குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டார். அள்ளி எடுத்தது பொலபொலவென்று விரல்களின் வழியே உதிர்ந்தது.

“இத ஓட்டறதுக்கு... இடுப்புல பலம் வேணுமா?” என்று கேட்டார்.

“உக்காந்துதான ஓட்டறோம். நீங்க மெதுவா ஓட்டினாப் போதும்ங்க.”

அவர் குத்தகைக்காரர் பக்கம் திரும்பினார். “சிரமப்பட்டு வந்திருக்கீங்க, டீ குடிச்சுட்டுப் போங்க. நிலம் குடுக்கறதா இல்லை.”

பிறகு தம்பியின் தோளைப் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு டிராக்டரில் ஏறி உட்கார்ந்தார்.

“முதுகுக்கு ஒரு தலையணை கொண்டா.”

அவள் வீட்டுக்குள் ஓடினாள். உரம் ஒட்டிக்கொள்ளுமே என்றுகூட நினைக்காமல், கட்டிலில் இருந்த புதுத் தலையணையையே வாரி எடுத்துக்கொண்டு வந்தாள்.