சத்தம் ஓய்ந்த மத்தியானம்

யுத்த காலத்தில் அரியலூர் ஸ்டேஷன் அருகே நான் காப்பிக் கடை வைத்திருந்தேன். ரங்கூனில் குண்டு விழுந்தபின் நடந்தே ஊர் திரும்பிய ஒருவர் தினமும் வருவார். ஒட்டிய கன்னம், வெடித்த பாதம். ஆட்டுக்கல்லில் குழவி உருண்டாலும் டம்ளர்கள் மோதினாலும், கச்சேரி கேட்பவர்போலத் தொடையில் தாளம் போடுவார்.

ஒரு மத்தியானம் வானம் கறுத்தது. காற்று நின்றுவிட்டது. காக்கைகூடக் கத்தவில்லை. அவர் சட்டென்று பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டார்.

“என்னங்க ஆச்சு?” என்று பதறினேன்.

“அன்னைக்கும் இப்படித்தாங்க எல்லாம் அடங்கிப்போச்சு. அப்புறந்தான் குண்டு விழுந்துச்சு. ஏதாச்சும் சத்தம் போடுங்க!”

அவர் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. கரண்டியால் தோசைக்கல்லைத் தட்டினேன். மாவாட்டும் அம்மாள் குழவியை வேகமாக உருட்டினாள். சாப்பிட வந்திருந்த வண்டிக்காரர் மேஜைப் பலகையைக் குத்தினார். கொஞ்ச நேரத்தில் பெஞ்சுக்கு அடியிலிருந்து மெல்லத் தாளம் கேட்டது.

அப்போது இடி இடித்தது. நாங்கள் மூவரும் அலறிவிட்டோம். அவரோ தாளத்தை விடாமல் தவழ்ந்து வெளியே வந்தார். கண்ணெல்லாம் நீர்.

“இடிதாங்க, பயப்படாதீங்க” என்று எங்களைத் தேற்றினார்.

மழை விட்டதும் போனவர், பிறகு வரவேயில்லை. எங்கிருந்தாலும் அவர் பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.